தொகைப் பெட்டி ஒன்று, செயலிகள் நான்கு: கம்போனென்ட்டைப் பகிர எந்த வழி?

ஒரு நிறுவனத்தில் நான்கு வலைச் செயலிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் தளமும் அலுவலக நிர்வாகப் பக்கமும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதப்பட்டவை. கணக்குப் பிரிவு பயன்படுத்துவது அதே வேலைக்கான இன்னொரு கருவியான ஆங்குலர். முன்பதிவுத் தளம் பழைய பிஎச்பி, அதாவது பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கும் மொழி. நான்கிலும் தொகை உள்ளிடும் பெட்டி ஒன்று உண்டு; இப்படிப் பல இடங்களில் பயன்படும் இடைமுகத் துண்டுதான் கம்போனென்ட். நான்கிலும் ஒரே பிழை. பயனர் வேறெங்கிருந்தோ 1,00,000 என்று நகலெடுத்து ஒட்டினால், செயலி அதை ஒரு ரூபாயாக எடுத்துக்கொள்கிறது. எழுத்துச் சரத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்ஃப்ளோட் காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். அதுவரை படித்த 1-ஐத் திருப்பித் தரும். பிழை என்று எதுவும் சொல்லாது.

திருத்துவது பத்து வரி வேலை. அந்தப் பத்து வரி நான்கு செயலிகளின் பயனர்களிடமும் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும், யார் யார் கைவைக்க வேண்டும், வழியில் எது உடையும்? கம்போனென்ட்டுகளைப் பகிர இன்று ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றை ஒப்பிட இந்தக் கேள்வியே நல்ல அளவுகோல். கருவியின் புதுமை, ரெப்போவின் (நிரல் கோடு, அதாவது code, வைக்கும் களஞ்சியத்தின்) ஒழுங்கு எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

நகலெடுத்து வைத்துக்கொள்வது

இதை இழிவாகப் பார்க்கும் பழக்கம் தேவையற்றது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை (பிறர் நிறுவிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற பொதுப் பதிவகத்திலிருந்து எடுத்துவிட்டார். ஜாவாஸ்கிரிப்ட்டை மாற்றித் தரும் பேபல் கருவி உட்பட, அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த எத்தனையோ திட்டங்களின் பில்ட் (செயலியைக் கட்டியெடுக்கும் பணி) அன்று நின்றுபோனது. பதினொரு வரியை நகலெடுத்து வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு துண்டு இரண்டே இடங்களில் பயன்படுகிறது என்றால் நகலெடுப்பதே சரி. இரண்டு இடங்களை மட்டும் பார்த்துப் பொதுமைப்படுத்தினால், எது உண்மையில் பொது, எது தற்செயல் ஒற்றுமை என்று தெரியாது. மூன்றாவது இடம் வரும்போதுதான் வடிவம் தெளிவாகும். அவசரப்பட்டுப் பொதுவாக்கிய பட்டனில் சிறியதா, முதன்மையா, அபாயமா, ஐகான் மட்டுமா என்று நான்கு ஆம்-இல்லை புரோப்கள் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) முளைத்துவிடும். நான்கு சேர்ந்தால் 16 சேர்க்கைகள். அவற்றில் பாதிக்குப் பொருளே இருக்காது, ஆனால் யாராவது ஒருவர் அதையும் எழுதியிருப்பார். 'வகை' என்ற ஒரே புரோப்பில் மூன்று மதிப்புகள் கொடுத்தால் அந்தச் சிக்கல் எழாது.

நகலின் பலவீனம் திருத்தத்தில் தெரியும். நான்கு ரெப்போக்களிலும் போய்த் தேட வேண்டும். அதற்குள் மாறிகளின் பெயரை ஒருவர் மாற்றியிருப்பார், கோப்பை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். தேடலில் மூன்றுதான் சிக்கும். நகலெடுப்பதானால் கோப்பின் தலையில் மூலம் எது, எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு வரிக் குறிப்பும், எல்லா ரெப்போவிலும் தேடக்கூடிய ஒரே அடையாளச் சொல்லும் வையுங்கள்.

2023-இல் வந்த ஷாட்சிஎன் யுஐ என்ற கம்போனென்ட் தொகுப்பு, நகலெடுப்பதையே முறையாக்கியது. கட்டளை கொடுத்தால் கம்போனென்ட்டின் மூலக்கோடு உங்கள் திட்டத்துக்குள் வந்து இறங்கும். அதன்பின் அது உங்களுடையது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: நகலாக வருவது தோற்றமும் அமைப்பும்தான். சாளரம் திறந்ததும் ஃபோகஸ் உள்ளே போவது, எஸ்கேப் விசையில் மூடுவது, அம்புக்குறி விசையில் பட்டியல் நகர்வது போன்ற நடத்தை ரேடிக்ஸ் போன்ற பேக்கேஜுகளில் தனியே இருக்கிறது. ஒரு கம்போனென்ட்டின் எல்லாப் பகுதியையும் ஒரே வழியில் பகிரத் தேவையில்லை. இந்தக் கட்டுரையின் முடிவு அதன்மேல்தான் நிற்கிறது.

தனி பேக்கேஜாக வெளியிடுவது

பெரும்பாலோர் முதலில் யோசிப்பது இதுதான்: கம்போனென்ட்டுகளுக்கு ஒரு ரெப்போ, அதிலிருந்து நிறுவனத்துக்குள் மட்டும் கிடைக்கும் என்பிஎம் பேக்கேஜ். என்பிஎம்மின் தனியார் பேக்கேஜ், கிட்ஹப் பேக்கேஜஸ், சொந்த சர்வரில் வெர்டாச்சியோ, எதில் வைத்தாலும் அடிப்படை ஒன்றே. பெயரை மட்டும் நிறுவனத்தின் ஸ்கோப்புடன் (பெயருக்கு முன் வரும் நிறுவன முன்னொட்டுடன்) வையுங்கள். ஸ்கோப் இல்லாத உள்பெயரை வெளியாள் பொதுப் பதிவகத்தில் பதிந்து அதிக வெர்ஷன் எண் கொடுத்தால், அமைப்பைப் பொறுத்து உங்கள் பில்ட் அதையே இறக்கிக்கொள்ளலாம். 2021 தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதே வழியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் உள்ளமைப்புகளில் தன் கோடு ஓடுவதைக் காட்டினார்.

முதலில் உடைவது பெரும்பாலும் ரியாக்ட்டே. கம்போனென்ட் பேக்கேஜின் டிபென்டன்சிப் (தேவைப்படும் பிற பேக்கேஜுகளின்) பட்டியலில் ரியாக்ட்டைச் சாதாரணமாகச் சேர்த்துவிட்டால், செயலியில் ஒரு ரியாக்ட், பேக்கேஜுக்குள் இன்னொரு ரியாக்ட் என்று இரண்டு பிரதிகள் வரக்கூடும். ஹூக் (ரியாக்ட்டின் சிறப்பு ஃபங்ஷன்) அழைப்பு செல்லாது என்ற பிழை திரையில் வரும். கோடில் தவறு எதுவும் தெரியாது. ரியாக்ட்டைப் பியர் டிபென்டன்சியாக, அதாவது செயலியே தர வேண்டியதாக, மட்டும் குறிக்க வேண்டும். சோதிக்கும்போது என்பிஎம் லிங்க் கட்டளையால் உங்கள் கணினியிலுள்ள பேக்கேஜ் அடைவை இணைத்தாலும் இதே இரட்டைப் பிரதி வந்து நிற்கும், ஏனென்றால் அது பேக்கேஜின் சொந்த நோட் மாட்யூல்ஸ் அடைவையும் சேர்த்தே இழுத்து வருகிறது. என்பிஎம் பேக் கட்டளையால் டிஜிஇசட் கோப்பை உருவாக்கி, அதை ஒரு மாதிரிச் செயலியில் நிறுவிப் பாருங்கள். பயனருக்குப் போகும் பொருளும் அதேதான். வெளியீட்டில் எந்தக் கோப்பு விட்டுப்போனது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ். பயன்படாத கோடை பண்ட்லர் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) உதறட்டும் என்பதற்காக, பேக்கேஜ் விவரக் கோப்பில் சைட்எஃபெக்ட்ஸ் என்ற புலத்தைப் 'பொய்' என்று வைப்பார்கள். கம்போனென்ட் கோப்பு தன் சிஎஸ்எஸ் கோப்பை வெறுமனே இம்போர்ட் செய்தால், அதிலிருந்து எந்தப் பெயரும் எடுக்கப்படாததால் பண்ட்லர் அதையும் உதறிவிடும். டெவலப்மென்ட்டில் பட்டன் நிறமாக இருக்கும். புரொடக்ஷனில் வெறும் சாம்பல். அந்தப் புலத்தில் சிஎஸ்எஸ் கோப்புகளை மட்டும் விதிவிலக்காகப் பட்டியலிட்டால் தீர்ந்தது.

வெர்ஷன் எண்ணில் இன்னொரு கண்ணி. செயலியின் டிபென்டன்சிப் பட்டியலில் கேரட் குறியுடன் (^) 2.3.1 என்று எழுதினால், அதிலிருந்து 3.0.0-க்குக் கீழ் எதையும் ஏற்கும். ஆனால் 0.3.1 என்றால் 0.4.0-க்குக் கீழ் மட்டுமே. பேக்கேஜை ஆண்டுக்கணக்கில் பூஜ்யத்திலேயே வைத்திருக்கும் குழுக்களுக்கு, ஒவ்வொரு நடு எண் மாற்றமும் எல்லாச் செயலியிலும் கையால் திருத்தும் வேலை ஆகிவிடுகிறது. எது உடைக்கும் மாற்றம் என்பதிலும் முன்கூட்டியே முடிவு வேண்டும். புரோப் பெயரை மாற்றுவது உடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளிருக்கும் டிவ் ஒன்றை நீக்குவது, கிளாஸ் பெயர் மாற்றுவது, இயல்பு மதிப்பை மாற்றுவது, வெளி மார்ஜினைக் கூட்டுவது இவையும் உடைக்கும். செயலிக் குழு எழுதிய தானியங்கிச் சோதனைகளும் சிஎஸ்எஸ் மேலெழுத்துகளும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கம்போனென்ட்டுக்கு வெளி மார்ஜின் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இடைவெளி, அதை வைக்கும் பக்கத்தின் பொறுப்பு.

நம் திருத்தத்துக்கு வருவோம். 2.3.2 வெளியிட அரை மணி நேரம் போதும். ஆனால் செயலிகளில் லாக் கோப்பு (நிறுவிய வெர்ஷன்களைக் குறித்து வைப்பது) பழைய 2.3.1-ஐப் பிடித்து வைத்திருக்கும். யாராவது போய்ப் புதுப்பித்து, சோதித்து, ரிலீஸ் செய்யும்வரை பயனருக்குப் பழைய பிழைதான். டிபெண்டபாட் அல்லது ரெனொவேட் என்ற தானியங்கியை வைத்தால் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) தானாக வரும்; அதை மெர்ஜ் செய்ய ஆள் வேண்டும். ஒவ்வொரு குழுவும் தனக்கு வசதியான நேரத்தில் மாற்றத்தை ஏற்கலாம் என்பதே பேக்கேஜின் பலம், பலவீனமும் அதுவே. வேறு வேறு ரிலீஸ் நாள்காட்டி உள்ள குழுக்களுக்கும், வெளி ஒப்பந்ததாரர் எழுதும் செயலிக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

எல்லாம் ஒரே ரெப்போவில்

கம்போனென்ட்டும் செயலிகளும் ஒரே ரெப்போவில் இருந்தால், திருத்தம் ஒரே கமிட். பிஎன்பிஎம் என்ற பேக்கேஜ் நிறுவும் கருவியின் வொர்க்ஸ்பேஸில் 'வொர்க்ஸ்பேஸ்' முன்னொட்டுடன் நட்சத்திரக் குறி கொடுத்தால், செயலி எப்போதும் பக்கத்து அடைவிலுள்ள கோடையே எடுத்துக்கொள்ளும். வெர்ஷன் எண் இல்லை, வெளியீடு இல்லை. புரோப் பெயரை மாற்றினால் வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் எல்லாச் செயலியிலும் சிவப்புக்கோடு போட்டுக் காட்டும். அந்த நொடியில் பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது: உடைத்தவரே எல்லா இடத்திலும் சரிசெய்து தர வேண்டும். கம்போனென்ட் எழுதுபவருக்கு இது சுமை. தான் தீட்டும் புரோப்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று நேரில் காண்பதால் வடிவமைப்பு மேம்படுவதும் இதனால்தான்.

இதன் எல்லை என்ன என்று கேட்பவர்களுக்கு: 2016-இல் வெளியான கட்டுரை ஒன்றில் கூகுள் தன் ஒற்றை ரெப்போவில் சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட் இருப்பதாகத் தெரிவித்தது. ஆனால் அதற்கென்றே சொந்தக் கருவிகளை அவர்கள் கட்டினார்கள். நான்கு செயலி உள்ள குழுவுக்கு டர்போரெப்போ அல்லது என்எக்ஸ் போதும். மாறிய பகுதியை நம்பியிருப்பவற்றை மட்டும் பில்ட் செய்யும். அதை அமைக்காமல் விட்டால் ஒரு எழுத்துப்பிழை திருத்தத்துக்கும் நான்கு செயலியின் சோதனைகளும் ஓடி, வரிசையில் காத்திருக்க வேண்டிவரும்.

கவனிக்க வேண்டிய குறைகள் இரண்டு. நூலகங்களை எல்லோருக்கும் பொதுவான மேல் அடைவில் வைக்கும் நிறுவல் முறையில், கம்போனென்ட் தான் அறிவிக்காத நூலகத்தையும் பயன்படுத்திவிடும். பக்கத்துச் செயலி நிறுவியிருப்பதால் ஓடும். அந்தச் செயலி நூலகத்தை நீக்கிய நாளில் சம்பந்தமே இல்லாத இடம் உடையும். பிஎன்பிஎம்மின் இயல்பான கண்டிப்பான அமைப்பு இதைத் தடுக்கிறது. இன்னொன்று, ரியாக்ட் 18-இலிருந்து 19-க்கு நகர்வது போன்ற வேலை எல்லாச் செயலிக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். ஆளில்லாமல் கிடக்கும் பழைய செயலி ஒன்று இருந்தால் எல்லோரையும் பிடித்து நிறுத்தும். அப்படிப்பட்டதை ஒரே ரெப்போவுக்குள் இழுக்காதீர்கள்.

வெப் கம்போனென்ட்

ரியாக்ட், ஆங்குலர், பிஎச்பி மூன்றிலும் ஒரே கம்போனென்ட் ஓட வேண்டும் என்றால் பிரவுசரின் சொந்த வசதியான வெப் கம்போனென்ட்தான் வழி. குரோம் 2016 முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 2018 முதலும் கஸ்டம் எலிமென்ட் (நாமே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்), ஷேடோ டாம் (பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும் உள் அமைப்பு) இரண்டையும் தாங்குகின்றன; 2020 ஜனவரியில் எட்ஜ் குரோமியத்துக்கு மாறியதோடு பெரிய பிரவுசர் எதுவும் பாக்கியில்லை. எழுத லிட் போன்ற சிறு நூலகம் போதும்.

ஆனால் விளம்பரத்தில் சொல்லாத இடங்களில்தான் கால் வழுக்கும். பிஎச்பி படிவத்தைப் பாருங்கள். இன்புட் பெட்டி ஷேடோ டாமுக்குள் இருந்தால், படிவம் அனுப்பும்போது அதன் மதிப்பு போகாது. சர்வரில் அந்தப் புலமே வராது. பிழைச் செய்தியும் இருக்காது. ஃபார்ம்அசோசியேட்டட் என்று அறிவித்து, எலிமென்ட்இன்டர்னல்ஸ் வழியாக மதிப்பை ஒப்படைக்க வேண்டும். சஃபாரியில் இது 2023 மார்ச்சில் வந்த 16.4-இலிருந்துதான் உண்டு. லேபிளும் அப்படியே: லேபிளை ஐடி மூலம் இணைக்கும் ஏரியா-லேபிள்ட்பை, ஷேடோ டாமின் எல்லை தாண்டி ஐடியைத் தேடாது. வெளியே உள்ள லேபிள் கண்ணுக்குத் தெரியும், திரைவாசிப்பானுக்குக் கேட்காது.

நிகழ்வுகள் எல்லையைத் தாண்ட பபிள்ஸ், கம்போஸ்ட் இரண்டையும் 'உண்மை' என்று வைக்க வேண்டும். ரியாக்ட் 18 கஸ்டம் டேகுக்கு எதையும் எழுத்துச் சரமான ஆட்ரிப்யூட்டாகவே அனுப்பும்; ஆப்ஜெக்ட் கொடுத்தால் அது பயனற்ற எழுத்துச் சரமாக வந்து சேரும். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 இதைச் சரிசெய்தது. ஆங்குலரில் கஸ்டம் எலிமென்ட்ஸ் ஸ்கீமாவைச் சேர்க்காவிட்டால், அறியாத டேக் என்று பில்ட் நின்றுவிடும். ஒரே டேக் பெயரை ஒரு பக்கத்தில் இரண்டு முறை பதிவுசெய்தால் பிரவுசர் பிழை எறியும். பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிட்டுப் பதிந்தால் பிழை வராது. முதலில் ஏறிய வெர்ஷன் எதுவோ அதுவே நிற்கும், அது பழையதாகவும் இருக்கலாம்.

இத்தனை தொல்லையில் பெரும்பகுதி ஷேடோ டாமிலிருந்து வருவது. தொகைப் பெட்டிக்கு அது தேவையே இல்லை. சாதாரண இன்புட் டேகை அப்படியே எச்டிஎம்எல்லில் எழுதி, அதைச் சுற்றி நம் கஸ்டம் டேகைப் போட்டால் போதும். உள்ளிருக்கும் இன்புட்டைக் கண்டுபிடித்துக் காற்புள்ளி போடுவது, ஒட்டியதைச் சரிபார்ப்பது, பிழை காட்டுவது மட்டுமே டேகின் வேலை. படிவம் வழக்கம்போல் போகும், லேபிள் வழக்கம்போல் வேலை செய்யும், ஸ்கிரிப்ட் ஏறாவிட்டாலும் தட்டச்சு செய்யலாம். சர்வரில் உருவாகும் பக்கங்களுக்கு இந்த வடிவம்தான் என் முதல் தேர்வு. ரியாக்ட் பக்கங்களில் வேண்டாம். உள்ளடக்கத்தை ரியாக்ட்டும் நம் டேகும் ஒரே சமயத்தில் மாற்றப் போய் மோதிக்கொள்ளும்.

மாட்யூல் ஃபெடரேஷன்

இது 2020 அக்டோபரில் வெப்பேக் என்ற பண்ட்லரின் 5-ஆம் வெர்ஷனுடன் வந்தது. கம்போனென்ட் ஒரு சர்வரில் இருக்கும். செயலிகள் ஓடும் நேரத்தில் அதை இறக்கிக்கொள்ளும். நம் திருத்தம் எந்தச் செயலியையும் பில்ட் செய்யாமல் அடுத்த பக்கத் திறப்பிலேயே போய்ச் சேரும். புதிய பிழையும் அதே வேகத்தில், எந்தச் செயலியின் சோதனையையும் தாண்டாமல் போய்ச் சேரும். எதை இறக்குவது என்று சொல்லும் ரிமோட் என்ட்ரி கோப்பைப் பிரவுசர் கேஷ் செய்யவிட்டால் பாதிப் பயனர்களுக்குப் பழையது. சர்வர் விழுந்தால் பெட்டியே இல்லை. தனிக் குழுக்கள் தனித்தனியே ரிலீஸ் செய்யும் முழுப் பகுதிகளுக்கு இது பொருந்தும். பட்டனுக்கும் பெட்டிக்கும் வேண்டாம்.

மூன்றாகப் பிரித்தபின் தேர்ந்தெடுங்கள்

தொகைப் பெட்டி என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே மூன்று பொருள்கள் இருக்கின்றன: கணக்கு, நிறம்-இடைவெளி மதிப்புகள், திரையில் தெரியும் வடிவம். நம் பிழை கணக்கில் இருக்கிறது. கணக்குக்கு டாமும் (பிரவுசரில் பக்கத்தின் அமைப்பு) தேவையில்லை, ரியாக்ட்டும் தேவையில்லை. எழுத்துச் சரத்தை வாங்கிப் பைசாவையோ பிழையையோ திருப்பித் தரும் சாதாரண டைப்ஸ்கிரிப்ட் ஃபங்ஷன் அது. அதைச் சிறு பேக்கேஜாக்கினால் ரியாக்ட், ஆங்குலர், தனி ஸ்கிரிப்ட் எதிலும் ஓடும். பியர் டிபென்டன்சித் தொல்லை இல்லை, சிஎஸ்எஸ் தொல்லையும் இல்லை.

அந்த ஃபங்ஷனில் வழி இதுதான். ரூபாய்க் குறி, இடைவெளி, காற்புள்ளி நீக்கு, மீதி முழுவதும் இலக்கங்கள், விருப்பப்பட்டால் ஒரு புள்ளி, அதன்பின் அதிகபட்சம் இரண்டு இலக்கம் என்ற வடிவில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பிழை. காற்புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று சோதிக்காதீர்கள்: இந்தியத் தமிழ் லோகேல் (மொழி-நாட்டு அமைப்பு) 1,00,000 என்று எழுதும், சிங்கப்பூர்த் தமிழ் லோகேல் 100,000 என்று எழுதும். பைசாவுக்கு மாற்றத் தசம எண்ணை அப்படியே 100-ஆல் பெருக்குவதும் தவறு, ஜாவாஸ்கிரிப்ட்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், முழு எண்ணாக வெட்டினால் ஒரு பைசா போய்விடும். புள்ளிக்கு இருபுறமும் சரமாகவே பிரித்து, பைசாப் பகுதியை இரண்டு இலக்கமாக நிரப்பி, தனித்தனியே முழு எண்ணாக்கி, ரூபாய்ப் பகுதியை மட்டும் 100-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

பிஎச்பி சர்வரில் இந்த ஃபங்ஷன் ஓடாது. அங்கேயும் 1,00,000 என்ற சரத்தை ஃப்ளோட்டாக மாற்றினால் 1 தான் கிடைக்கும் என்பதால் தனித் திருத்தம் தேவை. கோடைப் பகிர முடியாத இடத்தில் சோதனை அட்டவணையைப் பகிருங்கள். ஒரு ஜேசன் கோப்பில் உள்ளீடும் வரவேண்டிய விடையும்: 1,00,000 கொடுத்தால் 10000000 பைசா; 100,000 கொடுத்தாலும் அதே; 1,250.50 கொடுத்தால் 125050, 12.345 பிழை; 1.00.000 பிழை, வெற்றுச் சரம் 'காலி', பூஜ்யம் அல்ல. இரு மொழிச் சோதனைகளும் அதே கோப்பைப் படிக்கட்டும்.

நிறம், இடைவெளி, எழுத்தளவு சிஎஸ்எஸ் மாறிகளாக ஒரே கோப்பில். ஷேடோ டாமுக்குள்ளும் இவை மரபுரிமையாக இறங்கும். பிஎச்பி பக்கமும் ஒரு லிங்க் டேகில் எடுத்துக்கொள்ளும்.

மீதியிருப்பது வடிவம். இதைத்தான் செயலிக்குத் தக்கபடி மாற்றலாம்: ரியாக்ட் செயலி இரண்டையும் ஒரே ரெப்போவில் சேர்த்து அங்கே ஒரு ரியாக்ட் கம்போனென்ட், பிஎச்பிக்கு ஷேடோ டாம் இல்லாத கஸ்டம் டேக், ஆங்குலருக்கு அதன் சொந்த மெல்லிய பெட்டி, உள்ளே அதே ஃபங்ஷன். மூன்று வடிவங்களைப் பராமரிப்பது வீண் உழைப்பு என்று தோன்றலாம். ஆனால் கணக்கும் மதிப்புகளும் வெளியே போனபின் ஒவ்வொன்றிலும் எஞ்சுவது சில பத்து வரிகள். அவற்றில் பணம் தவறிப்போகும் இடம் எதுவும் இல்லை.

தமிழ் இடைமுகம் உள்ள செயலி என்றால் வடிவ அடுக்கில் சிலவற்றை முதல் நாளே வைத்துவிடுங்கள். பட்டனுக்கு நிலையான உயரமும் அகலமும் கொடுக்காதீர்கள். 'சேவ்' அடங்கும் இடத்தில் 'சேமித்துத் தொடரவும்' அடங்காது, மேலேயும் கீழேயும் குறியீடுகள் வெட்டுப்படும். குறுஞ்செய்திப் பெட்டியில் எழுத்தெண்ணிக்கை காட்டுவதானால் சரத்தின் நீளத்தை நம்பாதீர்கள்: 'தமிழ்' என்பதன் நீளம் 5 என்று வரும், எழுத்துகள் 3. ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்ட்ல் செக்மென்டர் சரியாக எண்ணும். ஃபயர்ஃபாக்ஸில் அது 2024-இல்தான் வந்தது. என்டர் விசையில் அனுப்பும் பெட்டிகளில், உள்ளீட்டு முறை சொல்லைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அழுத்தப்பட்ட என்டரை இஸ்கம்போசிங் மூலம் பிரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒலிபெயர்ப்பில் தட்டுபவர் சொல்லைத் தேர்ந்தெடுத்ததுமே பாதிச் செய்தி போய்விடும்.

நான்கும் ரியாக்ட், எழுதுவது ஒரே குழு என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், ஒரே ரெப்போ. குழுக்கள் வெவ்வேறு நிறுவனங்களில் இருந்தால் பேக்கேஜ், மூன்று அடுக்குக்கும் தனித்தனி வெர்ஷன். எதைத் தேர்ந்தாலும் பழைய புரோப்பை நீக்கும்முன் டெப்ரகேட்டட் குறிப்புடன் ஒரு ரிலீசாவது விட்டுவையுங்கள். எடிட்டரில் அந்தப் பெயர் கோடிட்டு அடிபட்டுத் தெரியும், பாதிப்பேர் தாமாகவே மாற்றிவிடுவார்கள். பகிர்ந்த அடைவுக்கு, பொறுப்பாளர்களைக் குறிக்கும் கோட்ஓனர்ஸ் கோப்பில் இரண்டு பேரையாவது போடுங்கள். அப்படிப் போட இரண்டு பேர் கிடைக்கவில்லை என்றால் வடிவத்தைப் பகிராமல் நகலாகவே விட்டு, கணக்கு ஃபங்ஷனையும் சோதனை அட்டவணையையும் மட்டும் பகிருங்கள்.